பாய்லர்காரர் அணையவிடாத விளக்கு

போன வாரம் என் பொண்ணு ஒரு அறிக்கையைப் படிச்சுக் காட்டினா. ஆஸ்பத்திரி லேப்ல இருக்கிற மேடம் அனுப்பி வெச்சது. பேட்டரி இல்லாம, உடம்புல இருக்கிற சர்க்கரையிலேயே ஓடி, அந்தச் சர்க்கரையையே அளக்கிற ஒரு சின்னக் கருவியைப் பத்தி, இத்தனை வருஷ வேலையை ஒண்ணா தொகுத்து எழுதியிருந்தாங்க. முதல்முதலா அதைப் பத்தொன்பது பேர் கையில ஒட்டிப் பாத்தாங்களாம். மடமடன்னு படிச்சுக்கிட்டே வந்தவ ஒரு இடத்துல நிறுத்தி என் மூஞ்சியைப் பாத்தா. "என்னடி, படி"ன்னேன். "ஏழாம் எண் பங்கேற்பாளரின் அளவுகள் நம்பத்தகுந்தவையாக இல்லாததால் நீக்கப்பட்டன"ன்னு படிச்சா. அவ்வளவுதான். அடுத்த வரி எட்டாம் நம்பருக்குப் போயிடுச்சு.

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. ஏழாம் நம்பர் வேற யாரும் இல்ல, என் வீட்டுக்காரர். முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை ஒரே வரியில தூக்கிப் போட்டுட்டாங்க. நீக்கினது நியாயம்தான், அதை நானே ஒத்துக்கறேன். ஆனா நீக்கப்பட்ட ஆளு யாரு, எப்படிப்பட்டவருன்னு ஒருத்தராவது சொல்ல வேணாமா? அதான் நான் சொல்ல உக்காந்துட்டேன். நடுவுல கோபப்பட்டா பொறுத்துக்குங்க. எனக்கு மூக்குக்கு மேல கோபம்னு ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரியும்.

நான் ஆஸ்பத்திரி லாண்டரியில வேலைக்குச் சேர்ந்தப்போ எனக்கு இருபத்திமூணு வயசு. ஒரு நாளைக்கு அறுநூறு பெட்ஷீட். தலையணை உறை தனி, ஆபரேஷன் தியேட்டர் துணி தனி. துவைச்சு வர்ற ஷீட்டை ரெண்டு பேரா ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு, உள்ள ஆவி ஓடுற பெரிய இரும்பு உருளையில விடணும். அந்தப் பக்கம் காய்ஞ்சு, இஸ்திரி போட்ட மாதிரி வந்து விழும். ஆவி குறைஞ்சா போச்சு, ஷீட் ஈரமா, கசங்கலா வரும். வார்டு நர்ஸ் போன்ல கத்துவாங்க. ஆவி வர்றது பின்பக்கம் இருந்த பாய்லர் அறையிலேருந்து. ஒருநாள் காலையில தொடர்ந்து நாப்பது ஷீட் ஈரமா வந்துச்சு. நான் ஏப்ரனைக்கூட கழட்டாம சண்டைக்குக் கிளம்பிட்டேன்.

பாய்லர் அறை அவ்வளவு சுத்தமா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல. பெருக்கித் துடைச்ச தரை. ஆளுயரத்துல ஒரு பிரஷர் மீட்டர், அதுக்கு நேரா ஒரு நாற்காலி, அதுல முதுகைக் காட்டி ஒரு ஆளு.

"ஏங்க, அங்க ஷீட்டெல்லாம் ஈரமா வருது. நீங்க இங்க நாற்காலி போட்டு உக்காந்து சினிமாவா பாக்கறீங்க?"

அவரு திரும்பவே இல்ல. "ஒரு நிமிஷம் இருங்கம்மா. முள் ஏறட்டும், அப்புறம் திட்டுங்க"ன்னார்.

நானும் மடச்சி மாதிரி நின்னேன். முள் கொஞ்சம் கொஞ்சமா ஏறி, மீட்டர் கண்ணாடியில, ஆவி இவ்வளவு இருக்கணும்னு சிவப்பு பெயிண்ட்ல போட்டிருந்த கோட்டைத் தொட்டுச்சு. அப்புறம்தான் திரும்பினார். ஒரு பக்கத்துப் புருவம் பாதி பொசுங்கிப் போயிருந்துச்சு. "தண்ணி ஏத்தற பம்பு மக்கர் பண்ணிடுச்சு. சரி பண்ணிட்டேன். இப்போ திட்டுங்க"ன்னார். திட்ட வந்தது அத்தனையும் எனக்கு மறந்து போச்சு. என் வாழ்க்கையில நான் வாயடைச்சு நின்னது ரெண்டே தடவை, அதுல இது முதல் தடவை.

ஆவியை ஏத்தறதுக்கு முன்னாடி, உருளைப் பக்கம் கை வெக்காதீங்கன்னு எச்சரிக்கையா, பாய்லர் அறையில குழாயை ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டுவாங்க. அந்தச் சத்தம் குழாய் வழியா லாண்டரி வரைக்கும் வரும். அன்னையிலேருந்து அவரோட ஷிஃப்ட்ல மட்டும் மூணு தட்டு வர ஆரம்பிச்சுது. மூணாவது தட்டு யாருக்குன்னு லாண்டரியில இருந்த எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. "உன் ஆளு கூப்பிடறாரு, போய் என்னன்னு கேளுடி"ன்னு ஓட்டி எடுத்துட்டாங்க. ஒரு வருஷம் அந்தக் கூத்து நடந்துச்சு. அப்புறம் கல்யாணம்.

எல்லாரும் அவரை பாய்லர்காரர்னுதான் கூப்பிடுவாங்க. நானே கோபம் வந்தா அப்படித்தான் கூப்பிடுவேன். வேலையைத் தவிர வேற பேச்சே தெரியாத மனுஷன். கல்யாணமான புதுசுல என்கிட்ட அவரு ஆசையா பேசின முதல் பேச்சே இதுதான்: "நெருப்பு விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. முள் இறங்கின பிறகு பதறிப் பிரயோஜனம் இல்ல. இறங்கப் போகுதுன்னு மனசுக்குப் படும்போதே தீனி போட்டுடணும். அணைஞ்சா மறுபடி ஏத்த நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரம் கத்தி, கத்தரியைச் சுத்தம் பண்ண ஆவி இல்லாம ஆபரேஷன் தியேட்டர் என்ன பண்ணும்?" நான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா சும்மா சொல்லக்கூடாது, இருபத்திரண்டு வருஷ வேலையில அவரு ஷிஃப்ட்ல ஒரு தடவைகூட பாய்லர் அணைஞ்சதில்ல. நான் கத்தும்போதெல்லாம், "உன்னைச் செஞ்சவன் சேஃப்டி வால்வ் வெக்க மறந்துட்டான்"னு சொல்லிட்டு வெளிய போய் நின்னுக்குவார். இப்போ நினைச்சா, அந்த ரெண்டு ரூம் வீட்டுல நாங்க எவ்வளவு சிரிச்சிருக்கோம்னு ஏக்கமா இருக்கு.

நாப்பத்திநாலு வயசுல அவருக்கு சுகர்னு சொன்னாங்க. முதல்ல மாத்திரை, அப்புறம் இன்சுலின் ஊசி. சுகர் ஏறினா மாசக்கணக்குல கெடுதல். ஆனா ஊசி போட்டுக்கறவங்களுக்கு சுகர் இறங்கிப் போறதுதான் உடனடி ஆபத்து. மத்தவங்களுக்கு இறங்கும்போது கை நடுங்கும், வேர்க்கும், உடம்பே சொல்லிடும். இவருக்கு அந்த அடையாளம் எதுவும் வராம போயிடுச்சு. நல்லா பேசிக்கிட்டே இருப்பார், திடீர்னு உளறுவார், அப்புறம் சாஞ்சிடுவார்.

அம்பத்திரண்டு வயசுல பாய்லர் பக்கத்துலயே விழுந்தார். அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து பாத்ததால பிழைச்சார். விழுந்து கிடக்கும்போதும் முள் சிவப்புக் கோட்டுலதான் இருந்துச்சுன்னு அந்த ஷிஃப்ட்காரர் பெருமையா வேற சொன்னார். எனக்கு அவரை அறையணும் போல இருந்துச்சு. ஆபீஸ்ல இவரை பாய்லர்லேருந்து எடுத்து ஸ்டோர் ரூம்ல போட்டாங்க. பல்பும் துடைப்பமும் எடுத்துக் குடுக்கிற வேலை. நாலு வருஷம் அங்க உக்காந்தார். அங்கயும் ரெண்டு தடவை சாஞ்சதும், வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டார்.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் லாண்டரிக்குப் போகணும், இவரு வீட்டுல தனியா இருக்கணும். பதினோரு மணிக்கு லாண்டரி போன்லேருந்து கூப்பிடுவேன். எடுத்தா பேச்சே கிடையாது. "இருக்கீங்களா?" "இருக்கேன்." வெச்சிடுவேன். எடுக்கலைன்னா ஏப்ரனோட மூணு தெரு ஓட்டம். ஒரு தடவை கதவை உள்பக்கமா பூட்டிக்கிட்டு சமையல் ரூம்ல விழுந்துட்டார். எங்க வீடு முதல் மாடி. கீழ சாவி வெட்டற கடை வெச்சிருந்தார் ஒருத்தர், சாவி அண்ணன்னு கூப்பிடுவோம். அவருதான் ரெண்டு நிமிஷத்துல பூட்டைத் திறந்து விட்டார். அரைமயக்கத்துல கிடந்தவரோட கன்னத்துக்குள்ள சர்க்கரையைத் தடவிக்கிட்டே திட்டினேன். திட்டிக்கிட்டே அழுதேன். கண்ணைத் திறந்ததும், "என்ன, ஷீட்டெல்லாம் ஈரமா?"ன்னார் பாவி மனுஷன்.

அந்தச் சமயத்துலதான் எங்க பொண்ணு மாசமானா. ஒரே பொண்ணு. கல்யாணமாகிப் போன இடம் ரெண்டு நாள் ரயில் தூரம். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கலை. இந்தத் தடவை எட்டாம் மாசத்துலேருந்து படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிஃப்ட். "அம்மா, நீ வந்தாத்தாம்மா எனக்கு தைரியம்"னு போன்ல அழுதா. இவரையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்னா, அவ்வளவு தூரப் பயணம் இவருக்குக் கூடவே கூடாதுன்னு சுகர் டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். இவரை விட்டுட்டுப் போனா, நான் திரும்பி வரும்போது இவரு இருப்பாரான்னு பயம். போகலைன்னா பொண்ணு. நான் ரெண்டு பக்கமும் இழுபட்டுக்கிட்டு இருந்தேன்.

சுகர் டாக்டர்தான் லேப் மேடத்தைப் பாக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி பின்கட்டுல, பழைய எக்ஸ்ரே அறையில அவங்க லேப். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், எப்பவும் கலைஞ்ச தலை, மேசையில ஆறிப்போன டீ. தீப்பெட்டியில பாதி அளவுக்கு ஒரு பட்டையைக் காட்டினாங்க. அதுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனைகள், மேல ஒரு சின்ன பச்சை விளக்கு.

"இதுக்கு பேட்டரி கிடையாது சார். தோலுக்கு அடியில இருக்கிற நீர்ல சர்க்கரை இருக்கும். ஊசிமுனையில நாங்க பூசியிருக்கிற பொருள் அந்தச் சர்க்கரையிலேருந்து கரண்ட் எடுக்கும். சர்க்கரை அதிகமா இருந்தா கரண்ட் அதிகம், விளக்கு வேகமா மினுக்கும். குறைஞ்சா மெதுவா மினுக்கும்."

இவரு முகம் மலர்ந்ததைப் பாக்கணுமே! ஆறு வருஷம் கழிச்சு அந்த முகத்தைப் பாத்தேன். "அப்போ நான்தான் பாய்லர். இது மீட்டர்"ன்னார்.

"அதேதான் சார்"னு மேடம் சிரிச்சாங்க. ஒவ்வொரு மினுக்கும் வீட்டுல வெக்கிற ஒரு பெட்டிக்குப் போய்ச் சேருமாம். விளக்கு ரொம்ப மெதுவாயிட்டா, சுகர் இறங்கிடுச்சுன்னு அந்தப் பெட்டி தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்துமாம். ஆனா முதல் மூணு மாசம் பெட்டியோட வாயைக் கட்டி வெச்சிருப்பாங்க. அது குறிச்சுக்க மட்டும் செய்யும். நாங்க விரல்ல குத்திப் பாத்து நோட்டுல எழுதணும், சாப்பிடறது எல்லாத்தையும் எழுதணும். ரெண்டும் ஒத்துப்போய், சுகர் இறங்கினப்போவெல்லாம் கருவி சரியா கண்டுபிடிச்சிருந்தா, கத்தற பெட்டியையே குடுத்துடுவாங்க. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். மூணு மாசம் முடிய, பொண்ணுக்கு எட்டாம் மாசம் பிறக்கும். பெட்டியை சாவி அண்ணன் கடையில வெச்சிட்டு நான் போயிடலாம். ஏழாம் நம்பர்னு சீட்டு எழுதி, இவரு இடது கையில பட்டையை ஒட்டினாங்க.

முதல் வாரத்துல ரெண்டு தடவை விளக்கு மெதுவாச்சு. நான்தான் பாத்தேன், விரல்ல குத்தி, நோட்டுல எழுதி, சர்க்கரை குடுத்தேன். அதுக்கப்புறம் மெதுவாகவே இல்ல. துறுதுறுன்னு மினுக்கிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு தலைகால் புரியலை. ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு, மனுஷன் ஒரு தடவைகூட சாயலை. பதினோரு மணி போனையே நிறுத்திட்டேன். வேலை முடிஞ்சு தெருவுல நடந்து வரும்போது, ஜன்னல்ல இவரு கையைத் தூக்கிக் காட்டுவார், பச்சை விளக்கு தெரியும். ஓடறதை விட்டுட்டு மெதுவா நடக்க ஆரம்பிச்சேன். லேப் மேடத்துக்கு மட்டும் முகம் சுண்டிக்கிட்டே போச்சு. வாரத்துக்கு ஒரு தடவை பட்டையை மாத்தும்போது, "சார், உங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை இறங்கும்னு டாக்டர் எழுதியிருக்காரே"ம்பாங்க. "உங்க கை ராசிம்மா"ன்னு இவரு சமாளிப்பார். விரல்ல குத்தினா நம்பர் தூக்கலாத்தான் வந்துச்சு, இறங்காம இருந்தா சரின்னு நான் விட்டுட்டேன். செருப்பு உரசி குதிகால்ல ஒரு சின்ன புண். அது ஆறாம இருந்ததைக்கூட நான் பெருசா எடுத்துக்கல. எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

பத்தாவது வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை இவரு சட்டையெல்லாம் ஊற வெச்சேன். வாழ்க்கை பூரா அடுத்தவங்க துணியைப் பாத்தவ நான். ரத்தக் கறையா, மருந்துக் கறையா, சாப்பாடான்னு தண்ணியில போடும்போதே சொல்லிடுவேன். ஒரு சட்டையோட பை அட்டை மாதிரி விறைப்பா இருந்துச்சு. தண்ணி பட்டதும் பிசுபிசுன்னு கரைஞ்சுது. அடுத்த சட்டையிலும் அதே. மூணாவது சட்டைப் பையில எறும்பு. விரலை நாக்குல வெச்சேன். இனிப்பு.

ஈரக் கையோட உள்ள போனேன். "பாய்லர்காரரே, சட்டைப் பையைக் காட்டுங்க."

அவரு அசடு வழிய சிரிச்சார். பையிலேருந்து ஆறு சர்க்கரைக் கட்டி வந்துச்சு. அலமாரிக்குப் பின்னாடி ஒரு டப்பா நிறைய இருந்துச்சு. விளக்கு கொஞ்சம் தயங்கினா ஒண்ணு. தயங்கப் போகுதுன்னு மனசுக்குப் பட்டா ரெண்டு. நோட்டுல ஒண்ணையும் எழுதலை. இறங்கறதுக்கு முன்னாடியே தீனி போட்டுக்கிட்டு இருந்திருக்கார்.

"ஏங்க இப்படிப் பண்ணினீங்க? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? கால் புண் ஏன் ஆறலைன்னு இப்போத்தானே புரியுது!"

"அணைஞ்சு போயிடும்டி. அணைஞ்சா கருவி சரியில்லன்னு சொல்லி அந்த மேடத்தை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. பாவம், டீகூட குடிக்காம உழைக்குது." தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னார்.

மறுநாள் காலையில கையைப் பிடிச்சு லேப்புக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். "சொல்லுங்க உங்க வாயால"ன்னேன். சொன்னார். மேடம் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாங்க. "சார், இது வேகமா மினுக்கறது எனக்கு முக்கியமே இல்ல. இது மெதுவாகி நிக்கறதைப் பாக்கத்தான் பத்து வாரமா காத்துக்கிட்டு இருக்கேன். இது பேசறதே அப்போதான். நீங்க பேசவே விடலையே"ன்னாங்க. அவங்க கண்ணுல தண்ணி. திட்டியிருந்தாக்கூட இவரு தாங்கியிருப்பார். ரத்தப் பரிசோதனையில மூணு மாசச் சராசரி எங்கயோ ஏறியிருந்துச்சு. குதிகால் புண் உள்ள போயிருந்துச்சு, இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா காலுக்கே ஆபத்துன்னார் டாக்டர். ஏழாம் நம்பரை அன்னைக்கே கணக்குலேருந்து எடுத்துட்டாங்க.

வீட்டுக்கு வந்து பொண்ணுக்குப் போன் பண்ணி, வர முடியாது போலிருக்குன்னு சொன்னேன். அவ அழலை. "சரிம்மா"ன்னு மட்டும் சொன்னா. இவரு பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தார்.

நாலு வாரம் தினமும் கட்டு மாத்தி புண் ஆறிச்சு. இவரு தானாவே லேப்புக்குப் போய், "எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் குடுங்க மேடம், என் பொண்ணுக்காக"ன்னு கேட்டிருக்கார். மேடம் நல்ல மனசுக்காரங்க. உங்களைக் கணக்குல சேக்க முடியாது, ஆனா உங்க உடம்புல இந்தக் கருவி நம்பிக்கையா வேலை செய்யுதான்னு உங்களுக்காக ஒரு தடவை பாத்துடலாம்னு டாக்டர்கிட்ட பேசி ஏற்பாடு பண்ணினாங்க. டாக்டரும் நர்ஸும் பக்கத்துல இருக்க, இன்சுலின் குடுத்து சுகரை மெல்ல மெல்ல இறக்குவாங்க. பெட்டியோட வாயை அவிழ்த்து விடுவாங்க. சரியான நேரத்துல அது கத்தினா, நான் பொண்ணுகிட்டப் போகலாம். கத்தலைன்னா போக முடியாது.

காலையில ஒன்பதரை மணி. பெரிய சாய்வு நாற்காலியில இவரை உக்கார வெச்சாங்க. ஒரு கையில குளுக்கோஸ் ஏத்தறதுக்குத் தயாரா குழாய், இன்னொரு கையில பச்சை விளக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நர்ஸ் ரத்தம் எடுத்து நம்பர் சொன்னாங்க. நூத்தி நாப்பது. நூத்தி பத்து. தொண்ணூத்தி அஞ்சு. விளக்கு தயங்க ஆரம்பிச்சுது. இவரு கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. போகும்னு எனக்குத் தெரியும், அதான் காலையிலேயே பையைத் தையல் போட்டு மூடி வெச்சிருந்தேன். விரலால தையலை நோண்டினார். நான் அந்தக் கையைப் பிடிச்சு மடியில வெச்சுக்கிட்டேன்.

எம்பத்திரண்டு. "முள் இறங்குது"ன்னார்.

"இறங்கட்டும்."

"ஒண்ணே ஒண்ணு போட்டுக்கறேன்."

"வாயை மூடிக்கிட்டு உக்காருங்க."

எழுபத்தி நாலு. விளக்கு ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நான் எட்டு எண்ணினேன். அவருக்கு வேர்க்கலை, நடுங்கலை. வழக்கம்போல உடம்பு ஒண்ணுமே சொல்லலை. பேச்சு மட்டும் குழற ஆரம்பிச்சுது. சுகர் இறங்கினா மனசுல இருக்கிறது வாயில வந்துடும் அவருக்கு.

"நீ பாக்காதே. அந்தப் பக்கம் திரும்பிக்கோ"ன்னார்.

"எதை?"

"விளக்கை. அது மெதுவானா உன் மூஞ்சி செத்துப் போயிடுது. முதல் வாரம் பாத்தேனே. வேகமா அடிச்சாத்தான் நீ சிரிக்கறே. நீ ஓடாம நடந்து வந்தே, ஜன்னல்லேருந்து பாத்தேன். பாத்திரம் கழுவும்போது பாடினே. ஆறு வருஷமா பாடவே இல்லையே நீ. அப்புறம் எப்படி நான் அதை இறங்க விடுவேன், சொல்லு? எப்படி விடுவேன்?"

நான் வாயடைச்சுப் போன ரெண்டாவது தடவை அது. மேடத்தோட வேலைக்காகவும் இல்ல, பாய்லர்காரன் பழக்கமும் இல்ல. என் மூஞ்சிக்காக அந்த மனுஷன் காலையே குடுக்க இருந்திருக்கார். அவரு கையை எவ்வளவு அழுத்திப் பிடிச்சிருந்தேன்னு எனக்கே தெரியலை. "இறங்க விடுங்க. நான் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், பாருங்க"ன்னேன். கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது, பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அறுபத்தாறுன்னு நர்ஸ் சொல்லி முடிக்கலை, பெட்டி கத்திச்சு. அடேயப்பா, என்ன சத்தம்! டாக்டரே துள்ளிட்டார். மேடம் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க, சிரிச்சாங்க. குளுக்கோஸ் உள்ள போச்சு. பத்து நிமிஷத்துல இவரு தெளிஞ்சு என்னைப் பாத்தார்.

"நான் ஏதாவது உளறினேனா?"

"ஆமா. டீ கேட்டீங்க"ன்னேன். அவரு பேசினதை நான் கடைசி வரைக்கும் அவருகிட்டச் சொல்லவே இல்ல. சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் பெட்டியை சாவி அண்ணன் கடையில மாட்டி, வீட்டுச் சாவியை அவருகிட்டக் குடுத்துட்டு ரயில் ஏறினேன். இவரு ஸ்டேஷனுக்கு வந்தார். "என்னைப் பத்தி நினைக்காதே. போய் பொண்ணைப் பாரு"ன்னார். ரயில் கிளம்பினதும் திரும்பிப் பாக்காம நடந்துட்டார். எனக்குக் கோபம்கூட வந்துச்சு, இந்த மனுஷனுக்குக் கொஞ்சம்கூடக் கஷ்டமா இல்லையான்னு.

பொண்ணு பக்கத்துல ஏழு வாரம் இருந்தேன். பேத்தி பிறந்தா, ரெண்டரை கிலோ, நல்ல குரல். அவ பிறந்த நாலாவது நாள் போன் வந்துச்சு. குழந்தையை ஒரு தோள்ல போட்டுக்கிட்டு எடுத்தேன்.

"இன்னைக்கு பெட்டி கத்திச்சு!"ன்னார். குரல்ல அவ்வளவு உற்சாகம். "கீழேருந்து எனக்கே கேட்டுச்சு. என்னடா சத்தம்னு யோசிச்சேன், அட, நம்ம சத்தம்தானேன்னு உறைச்சுது. நானே எழுந்து சர்க்கரை போட்டுக்கிட்டேன். சாவி அண்ணன் மாடி ஏறி வரும்போது நான் நாற்காலியில ஜம்முனு உக்காந்திருக்கேன். நீ இல்லாமலே பொழைச்சுக்கிட்டேன் பாத்தியா!"

நான் சிரிச்சேன். நல்லா சத்தமாவே சிரிச்சேன். குழந்தையைப் பொண்ணுகிட்டக் குடுத்துட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, குழாயைத் திறந்து விட்டு அழுதேன். இத்தனை வருஷம் நான் ஏங்கினது அந்த வார்த்தைக்குத்தான். அது காதுல விழுந்தப்போ யாரோ பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தார். சுகரால போகலை. ஒரு மத்தியானம் பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கும்போது மாரடைப்பு. நான் பக்கத்துலதான் இருந்தேன், ஒண்ணும் பண்ண முடியலை. இப்போ ரெண்டு வருஷம் ஆச்சு. நான் பொண்ணு வீட்டோட வந்துட்டேன். சாப்பிடறேன், தூங்கறேன், பேத்தியை ஸ்கூல்ல விட்டுட்டு வரேன். நல்லாத்தான் இருக்கேன். பதிலுக்கு நானும் அவருகிட்ட அதையே ஒரு தடவை சொல்லிடணும்னு பாக்கறேன், நீங்க இல்லாமலே பொழைச்சுக்கிட்டேன் பாத்தீங்களான்னு. தினமும் ஆரம்பிக்கறேன். வாய் வரமாட்டேங்குது.